சந்தி வாசிகசாலை

எங்கள் ஊர்ச் சந்தியில் ஆலமரமும் இல்லை, அரசமரமும் இல்லை. ஒரு மதகு, அதற்கு எதிரே ஒரு வாசிகசாலை, பக்கத்தில் ஒரு தேத்தண்ணிக் கடை. அவ்வளவுதான் சந்தி. யாழ்ப்பாணத்து வடமராட்சியில் அந்தக் காலத்தில் வாசிகசாலை இல்லாத ஊர் அரிது. சில ஊர்களில் குறிச்சிக்கு ஒன்று இருந்தது. அதைப் பெருமையாகவே சொல்வார்கள். ஒரே ஊருக்கு ஏன் இத்தனை என்று கேட்டால் மட்டும் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும்.

ஓடு போட்ட ஒற்றை அறை, அரைச்சுவர் வைத்த விறாந்தை, நடுவில் நீண்ட மேசை, இரு பக்கமும் வாங்குகள், மூலையில் பூட்டுப் போட்ட அலுமாரி. வீரகேசரியும் தினகரனும் கொழும்பிலிருந்து மெயில் ரயிலில் யாழ்ப்பாணம் வந்து, அங்கிருந்து பஸ் ஏறி எங்களிடம் வந்து சேர வெயில் ஏறிவிடும். அதற்கு முன்பே ஈழநாடு மேசைக்கு வந்துவிடும். அது 1959இல் தொடங்கி யாழ்ப்பாணத்திலேயே அச்சான பேப்பர். சுதந்திரனைத் தமிழரசுக் கட்சிக்காரர் போட்டார்கள். மாஸ்கோ சார்புத் தேசாபிமானியையும் பீக்கிங் சார்புத் தொழிலாளியையும் அந்தந்தக் கம்யூனிஸ்ட் கட்சித் தோழர்கள் கொண்டுவந்து வைத்தார்கள். மாஸ்கோவும் பீக்கிங்கும் எங்கள் மேசையில் ஒன்றுக்கு மேல் ஒன்றாகக் கிடந்தன. எது மேலே கிடக்கிறது என்பதை வைத்துக் கடைசியாக யார் வந்துபோனார் என்று சொல்லிவிடலாம். சிரித்திரன் இதழ் வந்த அன்று சவாரித்தம்பர் கேலிச்சித்திரத்தைப் பார்க்கச் சிறுவர்கள் நாங்கள் முண்டியடிப்போம்.

"சத்தம் போடவேண்டாம்" என்று சுவரில் ஒரு பலகை இருந்தது. அதன் கீழே அமர்ந்தவர்தான் ஊரிலேயே உரத்த குரல்காரர். அவர் சுருட்டுக் கொட்டிலில் வாசிப்பாளராக இருந்தவர். கொட்டில்களில் தொழிலாளர் சுருட்டுச் சுற்ற, ஒருவர் பேப்பரையும் தொடர்கதையையும் உரக்கப் படிப்பது அன்று வழக்கம். ஆசிரியத் தலையங்கத்தை அவர் படித்தால் பாராளுமன்றமே எங்கள் விறாந்தைக்கு வந்துவிடும். எழுத்தறியாதவர்கூட அவருடைய ஒரு பத்தியைக் கேட்டுவிட்டு, "உது பிழை" என்று மறுத்துப் பேசுவார். ஒரு புத்தகத்தைப் படித்திருந்தால்தான் அதைப்பற்றிப் பேசலாம் என்ற விதி பின்னாளில் நான் பல்கலைக்கழகத்தில் கேள்விப்பட்டது.

பெண்கள் அந்த அறைக்கு வருவதில்லை. வரக்கூடாது என்று எவரும் சொல்லவில்லை, வருவதில்லை என்பதோடு சரி. அலுமாரிப் புத்தகங்கள் தம்பிமார், பெறாமக்கள் கையில் வீடுகளுக்குப் போய்த் திரும்பின. இதழிலிருந்து கிழித்துக் கட்டிய பொன்னியின் செல்வன் கட்டுகளை என் மாமிக்காக நான்தான் சுமந்தேன். 1966இல் ஆனந்த விகடனில் ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' வந்தபோது, வாசிகசாலை வாங்குகளில் நடந்ததைவிடப் பெரிய விவாதம் எங்கள் கிடுகு வேலிப் பொட்டடியில் நடந்தது. மழையில் கார் ஏறிப்போய்க் கெடுக்கப்பட்டு வீடு வந்த பெண்ணின் தலையில் தாய் தண்ணீர் ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாளே, அது சரியா? அடுத்த வீட்டு ஆச்சிக்கு அது அநியாயம். மாமி கேட்டா: "அதுக்குப் பிறகு அந்தப் பிள்ளையை என்ன செய்யச் சொல்லுறியள், ஆச்சி? கிணத்துக்கையோ போகச் சொல்லுறியள்?" அதிலிருந்து பேச்சு சீதனத்துக்குத் தாவியது. பக்கத்து ஒழுங்கையில் வயது போயும் கலியாணம் ஆகாமல் இருந்த ஒருத்தியின் பெயர் வந்ததும் என்னை உள்ளே போகச் சொல்லிவிட்டார்கள். அந்த ஊரில் நான் கேட்ட மிகக் கூர்மையான இலக்கிய விமர்சனம் அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். அதை எழுதிவைக்க அங்கே யாரும் இல்லை.

அறைக்குள் வராத வேறு சிலரும் இருந்தார்கள். அவர்கள் விறாந்தைக்கு வெளியே, யன்னலடியில் நின்று கேட்பார்கள். தேத்தண்ணிக் கடையில் எங்களுக்குக் கிளாஸ், அவர்களுக்குப் போத்தல். 1957இலேயே சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்துவிட்டது. சட்டப் புத்தகம் எங்கள் அலுமாரியில் இல்லை போலும். 1966 ஒக்ரோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கித் தீண்டாமைக்கு எதிரான ஊர்வலம் புறப்பட்டது. பிறகு சங்கானை, நெல்லியடி, கொடிகாமம் என்று தேநீர்க்கடை நுழைவுகள், 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் போராட்டம். இவற்றையெல்லாம் எங்கள் உரத்த குரல்காரர் உள்ளே இருந்து படித்தார். அந்தச் செய்திகளுக்கு உரியவர்கள் யன்னலுக்கு வெளியே நின்று கேட்டார்கள்.

எங்கள் முற்போக்காளர்கள் கல்நெஞ்சர்கள் அல்லர். இரவில், பேப்பர் எல்லாம் மடித்து வைத்தபின், மதகில் அந்த யன்னலடி இளைஞர்களோடு உட்கார்ந்து கோர்க்கியின் 'தாய்' பற்றியும் வியட்நாம் பற்றியும் மனந்திறந்து கதைப்பார்கள். ஒரு நாள் இரவு அந்த இளைஞர்களில் ஒருவன் ஒரு கதை வாசிக்கப்போவதாகச் சொன்னான். என்.கே. ரகுநாதனின் 'நிலவிலே பேசுவோம்'. சாதி பார்க்காத பெரிய மனிதர் ஒருவர், தம்மைத் தேடிவந்த தாழ்த்தப்பட்ட இளைஞர்களை வீட்டுக்குள் கூப்பிட முடியாமல், நல்ல நிலவாக இருக்கிறது, வெளியே போய்ப் பேசுவோம் என்று நயமாக அழைத்துப்போகும் கதை. பெற்றோமாக்ஸ் வெளிச்சத்தில் அவன் நிதானமாகப் படித்து முடித்தான். அந்த முற்போக்காளர்களில் ஒருவரான எங்கள் மாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "கதையில கலையமைதி கொஞ்சம் குறைவு" என்றார்.

அடுத்த கிழமை அந்த இளைஞன் வேறு இருவரோடு வந்து உள்ளே வாங்கில் இருந்து வீரகேசரியை எடுத்து விரித்தான். இரண்டு பெரியவர்கள் எழுந்து போனார்கள். ஒருவர் திரும்பி வந்தார், மற்றவர் சாகும்வரை வரவில்லை. சண்டை, பொலிஸ் என்று போன ஊர்களும் உண்டு. எங்கள் ஊரில் அவ்வளவோடு நின்றதற்கு ஊரின் பெருந்தன்மையைவிடச் சுற்றுவட்டாரத்தில் நடந்த போராட்டங்கள் தந்த பயமே காரணமாக இருந்திருக்கும்.

1972இல் சாதிக் கொடுமையைப் பேசும் கே. டானியலின் 'பஞ்சமர்' நாவல் வந்தது. அதை வாங்குவதா என்று நிர்வாகக் கூட்டம் கூடியது. ஓய்வுபெற்ற தலைமை வாத்தியார் எதிர்த்தார். சாதிக்காக இல்லையாம், மொழிநடைக்காகவாம். பேச்சுத்தமிழில் எழுதுவதை இழிசனர் வழக்கு என்று பண்டிதர்கள் சாடியதும், விமர்சகர்கள் கைலாசபதி, சிவத்தம்பி முதலானோர் அதற்கு மறுமொழி சொன்னதுமான மரபுச் சண்டை பத்து வருசத்துக்கு முன்னர் நடந்து ஓய்ந்தது. எங்கள் வாத்தியாருக்கு அது ஓயவில்லை. அவர் எழுந்து பேசியதைத் அப்படியே எழுதிவைத்திருந்தால் அதுவும் நல்ல வடமராட்சித் தமிழாகத்தான் இருந்திருக்கும். புத்தகம் வாங்கப்பட்டது. அட்டை கழன்று போகும்வரை கைமாறியது.

மாஸ்டரோடு யாழ்ப்பாணம் போகும் நாட்களில் கஸ்தூரியார் வீதியில் ஜோசப் சலூனுக்கு முன்னால் சைக்கிளை நிறுத்துவோம். எழுத்தாளர் டொமினிக் ஜீவா அங்கிருந்துதான் 1966 ஆகஸ்டில் மல்லிகை இதழைத் தொடங்கினார். முடிவெட்டும் தொழிலில் பிறந்து, அதற்காகவே பள்ளியில் அவமானப்பட்டவர். 'தண்ணீரும் கண்ணீரும்' தொகுதிக்குச் சாகித்திய மண்டலப் பரிசு பெற்றவர். அவர் போன்றவரை வீட்டுப் படியேற விடாத கனவான் அதே சலூன் கதிரையில் கழுத்தை நீட்டிக்கொண்டு இருக்க, அவர் காதுக்குப் பக்கத்தில் சிறுகதை பற்றிய வாக்குவாதம் நடக்கும். இத்தனை வகை மனிதர்களும் ஒரே கூரையின் கீழ் இருந்து இலக்கியம் கேட்ட இடம் யாழ்ப்பாணத்தில் வேறு இருந்ததா, தெரியாது. எங்கள் வாசிகசாலைக்கு அது வாய்க்கவில்லை. மல்லிகைக் கட்டோடு ஜீவா தெருத்தெருவாகப் போய்க் கையில் கொடுத்து விற்பார். வாங்காதவரிடம் ஏன் வாங்கவில்லை என்று விளக்கம் கேட்காமல் விடமாட்டார்.

எழுபதுகளில் இந்தியச் சஞ்சிகைகளின் வரவு கட்டுப்படுத்தப்பட்டது. விகடனும் கல்கியும் அருகிய மேசையில் மல்லிகை, அலை, தாயகம், வீரகேசரிப் பிரசுர நாவல்கள் எல்லாம் இடம்பிடித்தன. மிளகாய், வெங்காயச் செய்கையால் கையில் காசு புழங்கிய காலம் அது. தோட்டக்காரர் நாவல் வாங்கினார்கள் என்று சொன்னால் இன்று நம்பமாட்டார்கள். ஆனால் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்தபின் வாங்குகளில் உயர்தர வினாத்தாள்கள் பெருகின. 1974இல் யாழ்ப்பாணத் தமிழாராய்ச்சி மாநாட்டில் பொலிஸ் நடவடிக்கையால் நேர்ந்த சாவுகளுக்குப் பிறகு பேச்சின் சுருதியே மாறியது. சாதியை எடுத்தால், சீதனத்தை எடுத்தால், "முதல்ல இனப்பிரச்சினை, மற்றதெல்லாம் பிறகு" என்றார்கள். பயமும் கோபமும் நியாயமானவை, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பல விசயம் பேசிய அறை ஒரு விசயம் பேசும் அறையானது அப்போதுதான். பிறகு அந்த ஒன்றையும் மெதுவாகப் பேசினார்கள். சுவர்ப் பலகைக்கு முதன்முறையாக மரியாதை கிடைத்தது.

1981 மே 31இல் தொடங்கிய வன்முறையில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. 97,000 நூல்கள், ஓலைச்சுவடிகள். ஈழநாடு அலுவலகமும் பூபாலசிங்கம் புத்தகசாலையும் தீயில் போயின. அந்தக் கிழமை எங்கள் மேசையில் ஈழநாடு இல்லை. 'பஞ்சமரை' எதிர்த்த தலைமை வாத்தியார்தான் வீடுவீடாகப் போய்ப் புத்தகம் சேர்த்தார். எந்தப் புத்தகம், என்ன மொழிநடை என்று அவர் அப்போது பார்க்கவில்லை. இராணுவத்தின் 1987 வடமராட்சி ஒப்பரேசனில் வாசிகசாலையின் ஓடுகள் போயின, அலுமாரியும் போனது.

இப்போது அதே இடத்தில் சீமெந்துக் கட்டடம். சனசமூக நிலையம் என்று வளைவு வைத்திருக்கிறார்கள். மேசையில் உதயனும் வலம்புரியும். போன முறை ஊருக்குப் போனபோது மாதாந்த வாசிப்புக் கூட்டத்தை நடத்துவது ஒரு வங்கி ஊழியப் பெண் என்று அறிந்தேன். மல்லிகையின் பழைய இதழ்களை 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் படித்திருக்கிறாள். மதகில் நடந்த வாசிப்பை அவளுக்குச் சொன்னேன். கொஞ்சம் யோசித்தாள்.

"அவையள் நிலவில எண்டாலும் ஆம்பிளையளோட ஆம்பிளையளாய் இருந்து கதைச்சவை. உங்கட மாமி வேலிப் பொட்டுக்காலதானே கதைச்சவ? அதை ஏன் ஐயா ஒருத்தரும் எழுதேல்லை?"

அந்தக் காலச் சூழல் அப்படி என்று ஏதோ சொல்லிப் பார்த்தேன். அவள் ஏற்றுக்கொள்ளவில்லை. அடுத்த கூட்டத்துக்கு 'அக்கினிப் பிரவேசம்' எடுப்பதாக அங்கேயே முடிவு செய்தாள். "கட்டாயம் வாங்கோ. ஆனா ஐஞ்சு நிமிசத்துக்கு மேல நீங்கள் கதைக்கக் கூடாது."