தண்ணி மருந்தில்லை என்று சொன்ன மிஸ்ஸுக்கு

பிசியோ மிஸ்,

பேர் போடவேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள், போடவில்லை. திருக்கோவில், தம்பிலுவில், அக்கரைப்பற்றுப் பக்கம் இதை வாசிக்கிற பெண்களுக்கு ஆள் யாரென்று விளங்கும். மற்றவர்களுக்கு நீங்கள் சொல்லித் தந்தது போய்ச் சேர்ந்தால் போதும்.

கவுட் என்றால் சாராயமும் இறைச்சியும் கண்ட ஆம்பிளைகளின் வருத்தம் என்றுதான் எங்களுக்குத் தெரியும். அதனால்தான் கால் பெருவிரல் மூட்டு சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போகிற மாதிரி வலித்தபோதும் ‘வாதம்’ என்று எண்ணெய் பூசிக்கொண்டிருந்தோம். இவ்வளவு காலமும் ஈஸ்ட்ரோஜன்தான் யூரிக் அமிலத்தைச் சிறுநீரகம் வழியாகக் கழித்துவிட உதவியது, தீட்டு நின்றபிறகு அந்த உதவி குறைகிறது, அமிலம் இரத்தத்தில் ஏறுகிறது என்று முதன்முதல் எங்களுக்கு விளங்கப்படுத்தியவர் நீங்கள். கிரேக்க வைத்தியர் ஹிப்போகிரட்டீஸின் பேரில் வழங்கும் பழைய ஏட்டிலேயே, தீட்டு நிற்கும்வரை பெண்ணுக்கு இந்த வருத்தம் வராது என்று இருக்கிறதாம். பெண்ணுக்கு வராது என்பதை மட்டும் உலகம் நன்றாய் ஞாபகம் வைத்துக்கொண்டது போலும். பிறஷருக்கென்று எங்களில் பலர் போடுகிற, சிறுநீரைக் கூட்டுகிற குளிசைகளில் சிலவும் இந்த அமிலத்தை ஏற்றும் என்றீர்கள். உடனே, “நீங்களா நிப்பாட்டிப்போடாதீங்க, கிளினிக்கில டொக்டரிட்டக் கேளுங்க” என்றும் சொன்னீர்கள்.

தண்ணீரில் பயிற்சி என்று அறுகம்பை விடுதித் தடாகத்துக்குக் கூப்பிட்டுவிட்டு, முதல் நாளே ஒரு ராத்தாவைத் தண்ணீரில் இறங்க விடாமல் வைத்தீர்களே, அதற்குத்தான் பெரிய நன்றி. கால் வீங்கிச் சுட்டபடி வந்திருந்தா. “இண்டைக்கு உங்களுக்குத் தண்ணி இல்ல ராத்தா. காலைத் தூக்கி வைங்க, துணியில சுத்தி ஐஸ் வைங்க.” வலி எழும்பியிருக்கும்போது மூட்டுக்கு ஓய்வுதான் தேவை, அது அடங்கியபிறகே பயிற்சி. தண்ணி கவுட்டைச் சுகமாக்காது என்பதையும் அன்றைக்கே சொன்னீர்கள். ஒரு டெசிலீட்டர் இரத்தத்தில் 6.8 மில்லிகிராமைத் தாண்டினால் யூரிக் அமிலம் ஊசி ஊசியாய் மூட்டில் படியத் தொடங்கும். அதை 6க்குக் கீழே இறக்கி வைத்திருப்பது டொக்டர் தருகிற அலோபியூரினோல் போன்ற குளிசை. தண்ணி செய்வது வேறு வேலை: வலிக்குப் பயந்து படுத்துப் படுத்து இறுகிப்போன கணுக்காலுக்கும் மெலிந்துபோன தொடைக்கும் நடையைத் திருப்பிக் கொடுப்பது. அலோபியூரினோலை உருவாக்கியவர்களில் ஒருவர் கெர்ட்ரூட் எலியன் என்ற அமெரிக்கப் பெண், பெண் என்பதற்காகவே ஆய்வுகூடங்கள் வேலை கொடுக்க மறுத்தவர், 1988இல் நோபல் பரிசு வாங்கினார் என்று நீங்கள் சொன்ன நாளிலிருந்து அந்தக் குளிசையை நான் கொஞ்சம் மரியாதையோடுதான் விழுங்குகிறேன்.

வேலியில் படர்கிற கார்த்திகைப்பூவின் கிழங்கை அரைத்துக் குடிக்கச் சொன்ன பெரியம்மாவையும் நீங்கள் சிரித்து ஒதுக்கவில்லை. கவுட் வலிக்கு டொக்டர் தருகிற கொல்சிசின் அந்தக் கொடியிலும் இருக்கிறது, ஆனால் கிழங்கில் அளவு பார்க்க ஏலாது, உயிரே போய்விடும் என்று அவவுக்குப் பக்கத்தில் இருந்து சொன்னீர்கள்.

இனி அறுகம்பைக்கு வருவோம். கடல் வீட்டு வாசலில் கிடக்க, எதற்கு வான் பிடித்து விடுதித் தடாகத்துக்குப் போகிறீர்கள் என்று வீட்டுக்காரர் கேட்டார். எங்கள் கடலைத் தெரிந்த மனுஷன் கேட்கிற கேள்வியா அது? அலை காலை வாரும், மணல் சரியும், பெருவிரல் மடங்கினால் அவ்வளவுதான். ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கே கையைப் பிடிக்க ஆள் வேண்டும். அதைவிட, 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்காத பெண்கள் எங்களில் இருந்தார்கள். அவர்களை நீங்கள் அவசரப்படுத்தவில்லை. படியில் காலைத் தொங்கவிட்டு இருக்க வைத்தீர்கள், இறங்குகிற நாளை அவர்களிடமே விட்டுவிட்டீர்கள். அதே அறுகம்பையில் 2018இல் பெண் பிள்ளைகள் தங்களுக்கென்று அலைச்சறுக்குக் கழகமே தொடங்கினார்கள். நாங்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நடந்தோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

நாங்கள் தடாகத்தில் நிற்கிற ஒரு மணித்தியாலத்துக்கு ஆம்பிளைகள் யாரும் வராமல் விடுதிக்காரரோடு பேசி வைத்தீர்கள். அதில்லாவிட்டால் அக்கரைப்பற்று ராத்தாமாரும் வந்திருக்கமாட்டார்கள், நாங்களும்தான். முக்காடும் சல்வாரும் நனைந்து ஒட்ட, ஒரே வரிசையில் குதிக்காலை உயர்த்தி இறக்கினோம். இடுப்பளவு தண்ணீரில் உடம்பின் பாரம் ஏறக்குறையப் பாதி, நெஞ்சளவில் மூன்றில் ஒன்று, கழுத்தளவில் பத்தில் ஒன்று. தரையில் எனக்கு நோகிற அடி அங்கே நோகவில்லை. தண்ணீர் சுற்றிலும் அழுத்துவதால் கணுக்கால் வீக்கமும் வற்றியது. வேகமாய்த் தள்ளினால் தண்ணீரும் அதே அளவுக்கு எதிர்த்துத் தள்ளும், எவ்வளவு பாரம் என்பதை நம் காலே முடிவு செய்யும் என்று நீங்கள் காட்டியபோது, கணிதம் படிப்பித்த எனக்கே அது புதிதாய் இருந்தது.

தண்ணீருக்குள் நின்றாலும் வியர்க்கும், சிறுநீரும் கூடப் போகும், உடம்பு வறண்டால் கவுட் திரும்பவும் எழும்பும் என்று ஆளுக்கொரு போத்தல் தண்ணீரும் கொண்டுவரச் செய்தீர்கள். சோடாப் போத்தலைக் கொண்டுவந்தவ திட்டு வாங்கினா. அந்தச் சீனியும் அமிலத்தை ஏற்றும் அல்லவா. தடாகம் எலும்புக்குப் போதாது, தீட்டு நின்ற உடம்புக்குத் தரையில் பாரம் தாங்கி நடப்பதும் வேண்டும் என்றதையும் மறக்கவில்லை. காலையில் கோவில் வீதியால் நடக்கிறேன்.

இப்போது ஒரு விண்ணப்பம், இது உங்களுக்கல்ல, இதை வாசிக்கிற அதிகாரிகளுக்கு. வான் கூலி கொடுக்க எல்லோராலும் ஏலாது. இந்தக் கரையில் ஏதாவதொரு அரசாங்க ஆஸ்பத்திரியில் நெஞ்சளவு ஆழமுள்ள சின்னத் தடாகம் ஒன்றைக் கட்டுங்கள். சறுக்காத படி, பிடிக்கக் கம்பி, பெண்களுக்கென்று தனி நேரம். கவுட் மட்டுமல்ல, முழங்கால் தேய்ந்தவர்கள், பாரிசவாதம் வந்தவர்கள் எல்லோருக்கும் உதவும். மிஸ், நீங்கள் அளவெல்லாம் எழுதிக்கொடுங்கள். கையெழுத்து வாங்குகிற வேலையை நாங்கள் பார்க்கிறோம்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருத்தி,
திருக்கோவில்.