முத்தா, மாணிக்கமா?

திருச்சியிலிருந்து தஞ்சாவூர் போகும் பஸ் காட்டூரில் நின்று கிளம்புவதற்குள், பெட்டிக்கடை வாசலில் தொங்கும் மாலைப் பத்திரிகையின் வால்போஸ்டரைப் படித்து முடித்துவிடலாம். யார் செத்தார், ஏன் செத்தார், யார் கைது என்று மூன்று வரிக்குள் ஒரு கொலை தொடங்கி முடிந்திருக்கும். கைது என்ற சொல்லைப் பார்த்ததும் படித்தவர் மனசில் வழக்குக் கட்டு மூடப்பட்டுவிடுகிறது. சட்டத்தின் கணக்கில் வழக்கு அங்கேதான் தொடங்கவே செய்கிறது. கொலைக் கதைகளை விரும்பிப் படிக்கும் பழக்கத்தில் தவறில்லை. ஆனால் அந்தக் கதைகள் நம்மிடம் ஒரு நினைப்பை ஊறவைத்திருக்கின்றன: பகை இருந்தது என்று தெரிந்தால் கொன்றவர் தெரிந்துவிட்டார் என்ற நினைப்பு. அது எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடும் என்பதைத் திருச்சிக்காரர் ஒருவரின் வழக்கிலேயே பார்க்கலாம். காட்டூருக்குப் பக்கத்திலிருக்கும் பொன்மலையில் இளமைக் காலத்தில் பாடி நடித்து, பிறகு தமிழ்நாடு முழுவதையும் தன் குரலால் ஆண்ட எம்.கே. தியாகராஜ பாகவதர்தான் அவர்.

1944 நவம்பர் 8 அன்று சென்னை வேப்பேரியில் ரிக்‌ஷாவில் போய்க்கொண்டிருந்த சி.என். லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டார். போலீசிடம் வாக்குமூலம் கொடுக்கும் அளவுக்கு நினைவிருந்தது. மறுநாள் பெரியாஸ்பத்திரியில் இறந்துபோனார். அவர் நடத்தியவை ‘சினிமா தூது’, அதன் உரிமம் ரத்தான பிறகு ‘இந்துநேசன்’. நடிகர் நடிகைகளின் அந்தரங்கம்தான் சரக்கு. தங்கள் பெயர் வராமலிருக்கப் பணம் கொடுத்தவர்கள் உண்டு. ‘சினிமா தூது’வின் உரிமத்தை ரத்து செய்யச் சொல்லி கவர்னர் ஆர்தர் ஹோப்புக்கு மனு கொடுத்தவர்களில் பாகவதர், கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன், கோவை ஸ்டூடியோ அதிபர் ஸ்ரீராமுலு நாயுடு ஆகியோர் இருந்தார்கள். டிசம்பர் கடைசியில் அந்த மூவரும் கொலைச் சதி வழக்கில் கைதானார்கள். தீபாவளிக்கு வந்த ‘ஹரிதாஸ்’ அப்போது அரங்கு நிறைந்து ஓடிக்கொண்டிருந்தது.

கதையாக எழுதினால் இதைவிடக் கச்சிதமாக அமையாது. அவமானப்பட்டவர்கள், அவர்களிடம் பணம், ஏற்கெனவே கொடுத்த மனு. அந்த மனுவே எவ்வளவு பெரிய ஆதாரமாகத் தோன்றியிருக்கும்! யோசித்துப் பார்த்தால் அது எதிர்ப்பக்கம்தான் பேசுகிறது; கவர்னரிடம் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்தவர் சட்டத்தின் வழியே போனவர். எப்படியானாலும், லட்சுமிகாந்தனால் புண்பட்டவர்களின் பட்டியல் மூன்று பேரோடு நிற்கக்கூடியதல்ல. அத்தனை பேருக்கும் பொதுவாக இருந்த கோபம் அவர்களில் ஒருவரை மட்டும் எப்படிச் சுட்டிக்காட்டும்? அரசுத் தரப்புக்குத் தூணாக நின்றது அப்ரூவராக மாறியவரின் சாட்சியம். 1945 மே மாதம் ஜூரிகள் பெரும்பான்மையாகக் குற்றவாளி என்றார்கள். நாயுடு விடுதலையானார், பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் தீவாந்திர தண்டனை. ஐகோர்ட்டில் அப்பீலும் தள்ளுபடி. லண்டன் பிரிவி கவுன்சில்தான் பிழையைப் பிடித்தது: 1943-ல் சட்டத்தில் சேர்ந்த புதிய பிரிவின்படி, ஜூரி தீர்ப்புக்குப் பிறகும் சாட்சியங்களைத் தானே எடைபோட்டுப் பார்க்க அப்பீல் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு; அந்த வேலை நடக்கவில்லை, திரும்ப விசாரியுங்கள் என்றது. ஐகோர்ட் மறுபடி எடைபோட்டது. அப்ரூவரின் பேச்சை நம்பித் தண்டிக்க முடியாது என்று 1947 ஏப்ரலில் இருவரையும் விடுவித்தது. பகை முன்பிருந்த அளவுக்கே இருந்தது. அதற்குப் பக்கத்தில் வைக்க வேண்டிய சாட்சியம்தான் நிற்கவில்லை. அதைக் கண்டுபிடிக்க இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது. அந்த நாட்கள் இருவருக்கும் ஜெயிலில் கழிந்தன.

விடுதலை என்பது ‘சந்தேகத்தின் பலன்’ மட்டும்தானே, அதனால் நிரபராதி என்று ஆகிவிடுமா என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குள் ஒளிந்திருக்கும் கோரிக்கை கொடுமையானது: குற்றம் சாட்டியவர் நிரூபிக்காதபோது, சாட்டப்பட்டவர் தன்னை நிரூபிக்க வேண்டும் என்பது. செய்யாத ஒன்றைச் செய்யவில்லை என்று ஆயுள் முழுக்க நிரூபித்துக்கொண்டிருக்க யாரால் முடியும்? பாகவதரின் பிந்தைய படங்கள் ஓடாமல் போனதற்கு இந்தப் பழிதான் காரணம் என்று சொல்வதுண்டு. நான் அப்படி முடிவு கட்டமாட்டேன். அதே ஜெயிலிலிருந்து வந்த கலைவாணர் ‘நல்லதம்பி’, ‘மணமகள்’ என்று மறுபடி ஜெயித்துக் காட்டினாரே. பாட்டுக்காகப் படம் பார்த்த காலம் போய் வசனத்துக்காகப் பார்க்கும் காலம் வந்திருந்தது என்பதும் உண்மை. பாகவதரின் சரிவுக்கும் ஒரே காரணம் தேடினால், நான் குறை சொல்லும் பிழையையே நானும் செய்தவனாவேன்.

இந்தக் கதையில் இன்னொருவருக்கும் அநியாயம் நடந்திருக்கிறது, அவர் செத்துப்போனவர். லட்சுமிகாந்தன் கொலை வழக்கு என்று பெயர்தான் அவருடையது. நாம் சொல்லும்போதெல்லாம் அது பாகவதரின் சோகக் கதையாகிவிடுகிறது. மஞ்சள் பத்திரிகைக்காரன் என்ற ஒரு சொல்லோடு அவரைத் தாண்டிவிடுகிறோம். ஆதாரமில்லாமல் பிறரைத் தண்டித்ததுதான் அவர் செய்த பிழை. அதற்குச் சம்பளமாகப் பட்டப்பகலில் குத்துப்பட்டுச் சாகலாம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அவரைக் கொல்லச் சொன்னது யார் என்பதற்கு இன்றுவரை விடையில்லை. அந்த விடை இல்லாதது நம்மை உறுத்தவே இல்லை என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

துப்பறியும் கதை கடைசிப் பக்கத்தில் விலங்கு மாட்டாவிட்டால் வாசகர் புத்தகத்தை வீசிவிடுவார், கற்பனைமேல் பழி போடாதீர்கள் என்று ஒரு மறுப்பு உண்டு. அதில் நியாயமும் உண்டு. நல்ல கற்பனை இந்தப் பழக்கத்துக்கு மருந்தாகவும் இருந்திருக்கிறது. எஸ். பாலசந்தரின் ‘அந்த நாள்’ 1954-ல் வந்தது. ஒரு பிணத்தைச் சுற்றி ஒவ்வொருவராக நிற்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் கொல்லக் காரணம் இருக்கிறது. காரணத்துக்கும் குற்றத்துக்கும் உள்ள தூரத்தை அதைவிடத் தெளிவாக ஒரு தமிழ்ப் படம் காட்டியதாக நான் நினைக்கவில்லை. ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த சுஜாதா தன் கணேஷையும் வசந்த்தையும் போலீஸ்காரர்களாகப் படைக்காமல் வக்கீல்களாகப் படைத்தார். சந்தேகப்படுவது வக்கீலின் தொழில் தர்மம். இதற்கெல்லாம் முன்னால் சிலப்பதிகாரம் இருக்கிறது. பொற்கொல்லன் சொன்ன கதை அரசியின் சிலம்போடு கச்சிதமாகப் பொருந்தியது, பாண்டியன் விசாரிக்கவில்லை. உள்ளே இருப்பது முத்தா, மாணிக்கமா என்று கேட்க ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். அந்தக் கேள்வி கோவலன் வெட்டுப்பட்ட பிறகுதான் சபைக்கு வந்தது. மாணிக்கம் தெறித்ததும் தன் பிழையைத் தானே ஒப்புக்கொண்டு உயிரை விட்டான் அரசன். கண்ணகியின் கோபத்தைப் பேசும் அளவுக்கு அந்த ஒரு நிமிஷத்தை நாம் பேசுவதில்லை.

ஜனங்கள் பேசிக்கொண்டிருப்பதால்தானே வழக்குகள் தூங்கிப்போகாமல் இருக்கின்றன என்ற வாதத்தையும் தள்ளிவிட முடியாது. 2012 மார்ச் 29 அன்று திருச்சித் தொழிலதிபர் கே.என். ராமஜெயம் கொலையுண்டு, காவிரிக்கு அக்கரையில் கல்லணைச் சாலையில் திருவளர்ச்சோலை பக்கம் கிடந்தார். உள்ளூர்ப் போலீஸ், சி.பி.சி.ஐ.டி., சி.பி.ஐ., மறுபடி சிறப்புப் புலனாய்வுக் குழு என்று கட்டு கைமாறியது. பத்து வருஷம் தாண்டியும் கொன்றவர் யார் என்று நிறுவப்படவில்லை. விசாரணை என்ன ஆயிற்று என்று கேட்கும் பேச்சு அந்த வீட்டாருக்குத் துணை. ‘எனக்குத் தெரியும், இன்னார்தான்’ என்று டீக்கடையில் அடித்துச் சொல்லும் பேச்சு யாருக்குத் துணை? திருச்சியில் இரண்டு பேச்சும் ஒரே பெஞ்சில், ஒரே கிளாஸ் டீயோடு நடக்கின்றன. முதலாவது பேச்சுக்குப் பொறுமை வேண்டும். விடை வராத வருஷங்களிலும் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். சங்கிலியாண்டபுரத்தில் பாகவதரின் சமாதி இருக்கிறது. அதற்குப் பக்கத்துத் தெருவில் நின்று யாரைக் கேட்டாலும் லட்சுமிகாந்தன் வழக்கைச் சொல்வார்கள். குத்தச் சொன்னது யார் என்று கேட்டால், தெரியாது என்று சொல்பவர் அபூர்வம்.