எண்ணூரில் நீர் ஏறும் வேளை, வற்றும் வேளை

பெங்களூரு லிங்கராஜபுரத்தில், என் வீட்டருகே ஓடும் ராஜகால்வாயில் தண்ணீர் ஒரே திசையில்தான் போகும். வடசென்னையின் எண்ணூர்க் கழிமுகத்தில் அது நாளுக்குப் பலமுறை திசை மாறுகிறது. கொசஸ்தலை ஆறும் பக்கிங்காம் கால்வாயும் கூடும் இடம் அது. கடல் ஏறினால் இரண்டிலும் உப்புநீர் உள்ளே புகும். வற்றினால் எல்லாம் முகத்துவாரத்தை நோக்கித் திரும்பும். இந்த ஏற்ற இறக்கத்தை நம்பியே தொழில் செய்யும் மீனவர்களைக் காணக் காட்டுக்குப்பம் போயிருந்தேன்.

"தண்ணி ஏறும்போது வலைக்கு வேலை இல்ல தம்பி. வத்தும்போதுதான் எறா எறங்கும்" என்றார் பெரியவர் ஒருவர். கழிமுகத்தின் உவர்நீரில் வளரும் இறால், பெரிதானதும் கடலுக்குத் திரும்பும். அந்த வழியில் கழிகளை ஊன்றி வலை கட்டுகிறார்கள். அமாவாசையும் பௌர்ணமியும் நீரோட்டம் வலுக்கும் நாட்கள். எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்பதை ஊர்கள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்கின்றன; இதற்குப் 'பாடு' என்று பெயர். நல்ல இடம் ஒருவருக்கே நிலைத்துவிடாதபடி காக்கும் ஏற்பாடு இது.

ஆழம் குறைந்த ஓரங்களில் இருளர் பெண்கள் இடுப்பளவு நீரில் அமர்ந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். ஓலையால் முடைந்த பறியைப் பல்லால் கடித்துக்கொள்வதால் இரு கைகளும் தேடலுக்கு விடுபடுகின்றன. "முன்னாடி சேறு மெத்துனு இருக்கும். இப்போ சாம்பல் சேந்து கெட்டியாப் போச்சு" என்றார் ஓர் அக்கா. அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து கழிமுகம் மேடாகிவருவது பல ஆண்டுகளாகப் பேசப்படும் உண்மை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய்ப் படலமும் இங்கே பரவியது.

பக்கிங்காம் கால்வாயும் இதே நீரோட்டத்தால்தான் வாழ்ந்தது. 1806-இல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வந்த இந்த வழி, பின்னர் வடக்கேயும் தெற்கேயும் நீண்டது. 1876–78 பஞ்சத்தில் நிவாரண வேலையாகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து வெட்டப்பட்ட பகுதியால், அன்றைய ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் நிலைத்தது. விறகும் உப்பும் ஏற்றிய படகுகள் பாய் விரித்தும், கழி ஊன்றியும், கரையிலிருந்து கயிற்றால் இழுக்கப்பட்டும் சென்றன. ஆறுகளைக் கடக்கும் இடங்களில் நீர்மட்டத்தைக் காக்கக் கதவுகள் இருந்தன.

2008-இல் இந்தக் கால்வாய் தேசிய நீர்வழி 4-இன் பகுதியாக அறிவிக்கப்பட்டது. படகுப் போக்குவரத்து திரும்ப வேண்டுமென்றால் முதலில் கடல்நீர் தடையின்றி வந்து போக வேண்டும். முகத்துவாரம் அடைபட்டால் கால்வாய் வெறும் சாக்கடையாகிவிடும், இறாலும் வராது. எங்கே மேடு தட்டுகிறது, எந்த நாளில் நீர் எவ்வளவு ஏறுகிறது என்பதைத் தினமும் உடலால் அளக்கிறவர்கள் இந்த மீனவர்கள். தூர்வாரும் திட்டம் எதுவானாலும், அது வரைபடமாகும் முன்பே இவர்களிடம் கேட்டு எழுதப்பட வேண்டும்.