மணல் நாட்டில் தேனிலவு

கலியாணப் பந்தலைப் பிரிப்பதற்குள், "தேனிலவுக்கு எங்கே? ஊட்டியா, கொடைக்கானலா?" என்று கேட்கத் தொடங்கிவிடுவார்கள். "பாலைவனத்துக்கு" என்று சொல்லிப் பாருங்கள். அத்தை மூக்கின்மேல் விரலை வைப்பாள்! ஆனால், ராஜஸ்தானத்தின் மேற்குக் கோடியில் இருக்கும் ஜைசல்மேர், இளந்தம்பதிகளுக்கு ஏற்ற ஊர்தான். ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது: அங்கே எந்தத் திட்டமானாலும் தண்ணீரை வைத்துத்தான் போட வேண்டும்.

முதலில் காலம். நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான் உகந்தது. மே மாதத்தில் வெயில் 45 டிகிரியைத் தாண்டும். ஐப்பசியிலோ தையிலோ முகூர்த்தம் அமைந்தவர்கள் பாக்கியசாலிகள். பகலில் இதமான வெயில், இரவில் கம்பளி கேட்கும் குளிர். ஜோத்பூர் வரை விமானத்திலோ ரயிலிலோ போய், அங்கிருந்து மேற்கே சுமார் 280 கிலோமீட்டர் போக வேண்டும்.

ஊரின் நடுவே, 1156-ல் ராவல் ஜைசல் எழுப்பிய கோட்டை நிற்கிறது. மஞ்சள் கல் கட்டடம். மாலை வெயிலில் தகதகவென்று பொன்னாக மின்னும். 2013-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட இந்தக் கோட்டைக்குள் இன்றும் குடும்பங்கள் வசிக்கின்றன. உள்ளேயே தங்க ஆசை பிறக்கும், வேண்டாம். குடத்தில் நீர் சுமந்த காலத்துக் கோட்டை அது. இப்போது குழாய்த் தண்ணீர் அஸ்திவாரத்தில் கசிந்து மதில்களை அரிக்கிறது. வெளியே அறை எடுத்துக்கொண்டு, கோட்டையை நடந்தே சுற்றிப் பாருங்கள்.

அடுத்தது மணல்மேடு. மேற்கே சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கும் 'சாம்' பெயர் பெற்றது, கூட்டமும் அதிகம். தனிமை வேண்டுமானால் தென்மேற்கே 'கூரி' கிராமத்துக்குப் போங்கள். ஒட்டகச் சவாரி ஒரு மணி நேரம் போதும். அதற்குமேல் இடுப்பு மன்னிக்காது! பிறகு நடங்கள். பொழுது விடியும் முன் கிளம்பி, வெயில் ஏறுமுன் திரும்பிவிட வேண்டும். காற்று வீசும் பக்கம் மேடு சரிவாக இருக்கும்; அந்தப் பக்கமாக ஏறினால் கால் புதையாது. உள்ளூர் ஆள் ஒருவர் துணைக்கு வரட்டும். உங்கள் காலடித் தடத்தைக் காற்று அழித்துவிடும். ஆளுக்கு நாளொன்றுக்கு நாலு லிட்டர் தண்ணீர் அவசியம். ஒட்டிக்கொள்ளும் முட்புல் உண்டு என்பதால், சகோதரிகளே, அன்றைக்குப் புடவை வேண்டாம். சல்வாரும் கான்வாஸ் ஷூவும்தான் சௌகரியம்.

நடந்து வந்த பசிக்குக் கிராமத்துச் சாப்பாட்டைப் போல் ருசி வேறில்லை. தணலில் சுட்ட கோதுமை உருண்டையை உடைத்து, நெய்யைத் தாராளமாக ஊற்றிப் பருப்புடன் சாப்பிடுவது 'தால் பாட்டி'. கம்பு ரொட்டிக்குப் பூண்டுச் சட்னி ஜோடி. பச்சைக் காய்கறி அரிதான பூமியல்லவா? கடலை மாவையே உருட்டி வேக வைத்துத் தயிர்க் குழம்பில் போட்டுக் 'கட்டா' செய்கிறார்கள். 'கேர் சாங்ரி' என்ற பொரியலை விட்டுவிடாதீர்கள். கேர் ஒரு முட்செடியின் காய். சாங்ரி எது தெரியுமா? நம் கோயில்களில் ஸ்தல விருட்சமாகக் கும்பிடுகிறோமே, அந்த வன்னி மரத்தின் காய்தான்! கோடையில் உலர்த்தி வைத்து, ஆண்டு முழுவதும் ஊற வைத்துச் சமைக்கிறார்கள். நாலு பருக்கை மழையை நம்பிக் குடித்தனம் நடத்தும் பெண்களின் சாமர்த்தியம் அது. செய்முறையைக் கேட்டால் மகிழ்ந்து சொல்லிக் கொடுப்பார்கள்.

இரவில் வானத்தைப் பாருங்கள். விளக்கு வெளிச்சம் இல்லாத இடத்தில் அத்தனை நட்சத்திரம்! நாட்டுப் பாடகர்களான மாங்கணியார்கள் காமாய்ச்சா வாத்தியத்தை வாசித்துப் பாடினால், பாஷை புரியாவிட்டாலும் நெஞ்சு கனியும்.

பெட்டி கட்டும்போது இரண்டு பட்டுப் புடவைகளைக் குறைத்துக்கொண்டு, தண்ணீர்க் கூஜாவுக்கு இடம் வையுங்கள். ஒரே கூஜாவை இருவரும் அளந்து குடித்து, ஒருவர் நடைக்கு மற்றவர் ஈடு கொடுத்து நாலு நாள் நடந்துவிட்டு வந்தால், ஊரில் போடப்போகும் புதுக் குடித்தனம் ஒன்றும் பெரிய சுமையாகத் தெரியாது.