டம்ளர் விளிம்பில் ஓர் ஒளிக்கோடு!

ஆன்லைனில் டபரா செட் வாங்கும்போது விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறோமே... அந்தப் படம் பல நேரம் கேமராவில் எடுத்ததே அல்ல. கம்ப்யூட்டரில் உருவாக்கியது. 'ப்ராடக்ட் ரெண்டரிங்' என்பார்கள். ஐகியா நிறுவனம் 2006-ல் தன் கேட்டலாக்கில் ஒரு மர நாற்காலியைச் சத்தமில்லாமல் இப்படிச் சேர்த்தது. 2014 வாக்கில் அதன் தனிப்பொருள் படங்களில் சுமார் 75 சதவிகிதம் கம்ப்யூட்டர் படங்கள்தான்!

நங்கநல்லூரில், பழவந்தாங்கல் ஸ்டேஷனுக்கு நடந்தே போய்விடக்கூடிய ஒரு ஃபிளாட்டில் இருந்தபடி இந்த வேலையைச் செய்கிறார் ஓர் இளம்பெண். 'பிளெண்டர்' என்கிற இலவச சாஃப்ட்வேர்தான் அவருடைய ஸ்டூடியோ. படத்துக்கு இவ்வளவு என்று பணம். முதலில் வந்த பெரிய ஆர்டர், எவர்சில்வர் டபரா டம்ளர்.

அளவெல்லாம் கச்சிதமாக வந்துவிட்டது. ஆனால், டம்ளர் மட்டும் சாம்பல் நிற பிளாஸ்டிக் மாதிரி மந்தமாக இருந்தது. பின்னால் நின்று பார்த்த அம்மாதான் கேட்டார்: "நம்ம வீட்டு டம்ளர்ல ஜன்னல் தெரியும், டியூப்லைட் தெரியும், நான்கூடத் தெரிவேன். உன் டம்ளர்ல என்னடி தெரியுது?"

விஷயமே அதுதான். எவர்சில்வருக்கென்று பெரிதாகச் சொந்த நிறம் கிடையாது. சுற்றி இருப்பதைக் காட்டுவதுதான் அதன் நிறம். சுற்றிலும் வெறுமையாக இருந்தால் அது எதைக் காட்டும்? 1976-லேயே ஜிம் பிளின், மார்ட்டின் நியூவெல் இருவரும், சுற்றுப்புறத்தையே ஒரு படமாக வைத்து அதைப் பொருளின் மேல் பிரதிபலிக்க வைக்கும் வழியைக் காட்டிவிட்டார்கள். அந்தப் பெண்ணும் டம்ளரைச் சுற்றி வெள்ளைப் பலகைகளை நிறுத்தினார். ஓரங்களில் கறுப்புப் பட்டைகள் வைத்தார். அந்தக் கறுப்பு பிரதிபலித்ததும் டம்ளரின் வடிவம் 'பளிச்'சென்று எடுத்துக்கொடுத்தது.

அடுத்த சிக்கல், அதிகப் பளபளப்பு. முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி டம்ளர் எந்த வீட்டிலும் இல்லை. தேய்த்துத் தேய்த்து விழுந்த மெல்லிய கீறல்கள் வெளிச்சத்தைக் கொஞ்சம் சிதறடிக்கும். வட்டவட்டமாகப் பாலிஷ் செய்த மூடியைப் பாருங்கள், வெளிச்சம் விசிறி போல விரிந்து தெரியும். இதையெல்லாம் சாஃப்ட்வேருக்கு எண்களாகச் சொல்ல வேண்டும்.

உங்கள் வீட்டிலேயே சில சோதனைகள் செய்யலாம். சிவப்பு பிளாஸ்டிக் குடத்தில் டியூப்லைட் வெள்ளையாகத்தான் மின்னும். பித்தளைக் குடத்தில் அதே டியூப்லைட் மஞ்சளாகத் தெரியும். நிறமுள்ள உலோகம் தன் நிறத்தைப் பிரதிபலிப்பிலும் பூசிவிடும், பிளாஸ்டிக் பூசாது. சமையலறை கிரானைட் மேடையை மேலிருந்து பார்த்தால் கல் தெரியும். கண்ணை மேடை மட்டத்துக்குக் கொண்டுபோனால், எதிர் ஜன்னல் தெரியும். சாய்வாகப் பார்க்கப் பார்க்கப் பிரதிபலிப்பு கூடுகிற இந்தக் கணக்கைப் போட்டவர், 19-ம் நூற்றாண்டின் பிரெஞ்சு விஞ்ஞானி ஃபிரெனெல்.

இத்தனையும் கற்றுக்கொண்டு படத்தை அனுப்பினார். விற்பனையாளருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஒரே ஒரு திருத்தம் மட்டும் கேட்டார். டம்ளர் விளிம்பில் ஓடும் ஒளிக்கோட்டைக் கொஞ்சம் அகலமாக்க வேண்டும். அவ்வளவுதான்.

இரண்டு நிமிட வேலை. ஆனால், அந்தக் கோடுதான் கனத்தைச் சொல்கிறது. தகடு மெல்லியதாக இருந்தால் கோடு முடியளவு இருக்கும். கனமான தகடு என்றால் கோடும் பட்டையாகும். கடையில் அம்மாக்கள் டம்ளரைக் கையில் தூக்கி, விரலால் சுண்டிப் பார்த்து, எடை போட்டு வாங்குவார்கள். போனில் பார்ப்பவருக்குத் தூக்கிப் பார்க்க வழியில்லை. அவர் நம்புவது அந்தக் கோட்டை மட்டும்தான்.

பொருளின் உண்மையான தன்மைக்கு ஏற்பவே விளம்பரம் இருக்க வேண்டும் என்று 2020-ல் வந்த மத்திய அரசின் இ-காமர்ஸ் விதிகளும் சொல்கின்றன. அந்தப் பெண் மறுத்துவிட்டார். டபரா டம்ளர் படத்துக்குப் பணம் வந்தது. பேசி வைத்திருந்த குக்கர், சம்படம் ஆர்டர்கள் வரவில்லை. அந்த மாத இ.பி. பில்லை அம்மாதான் கட்டினார். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இப்போதெல்லாம் அவர் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார். புது ஆர்டர் என்றால் பொருள் ஒன்று கூரியரில் வீட்டுக்கு வந்தாக வேண்டும். வந்ததும் சமையலறைத் தராசில் எடை பார்க்கிறார். வெர்னியர் காலிப்பரை விளிம்பில் வைத்துக் கனத்தை அளக்கிறார். அந்த எண்ணை எழுதிக்கொண்ட பிறகுதான் கம்ப்யூட்டரை ஆன் செய்கிறார்.