பனி ஊரில் ஒரு புளியங்கன்று

"கனடாவில் புளிய மரமா? கதை விடாதே!" என்று ஊரிலிருந்து என் தங்கை போனில் சிரித்தாள். மரம் என்று சொல்ல இன்னும் நாளாகும். ஆனால் டொரான்டோவில் எங்கள் ஜன்னலோரத் தொட்டியில், என் இடுப்பு உயரத்துக்கு ஒரு புளியங்கன்று நிற்பது நிஜம். கொட்டை ஊன்றி முளைத்ததுதான்!

இங்கே ஜனவரியில் மைனஸ் 20 டிகிரிக்கு இறங்கும் இரவுகளும் உண்டு. வெளியே நட்டால் நம் ஊர் மரங்கள் பிழைக்காது. தொட்டியில், வீட்டுக்குள் வளர்க்கலாம். மாங்கொட்டை காய்ந்தால் போச்சு; பழம் தின்ற கையோடு ஓட்டைப் பிளந்து, உள்ளிருக்கும் பருப்பை ஊன்ற வேண்டும். கறிவேப்பிலைப் பழமும் புதிதாக இருந்தால்தான் முளைக்கும். புளியங்கொட்டைக்கு அந்தக் கவலை இல்லை. கடையில் வாங்கும் புளியிலேயே இரண்டு மூன்று கிடைத்துவிடும். (வெளிநாட்டிலிருந்து விதை, செடி கொண்டுவர இங்கே சட்டக் கட்டுப்பாடு உண்டு. ஆகவே கடைச் சாமானே உத்தமம்.)

கொட்டையின் ஒரு பக்கத்தை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, இரவு முழுவதும் வெதுவெதுப்பான நீரில் ஊற வையுங்கள். அடியில் ஓட்டையுள்ள தொட்டியில் மண்ணும் மணலும் கலந்து, அரை அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். கதகதப்பான இடம் முக்கியம். எங்கள் வீட்டில் 12-ஆம் நாள், பருப்பைத் தலையில் சுமந்துகொண்டு எட்டிப் பார்த்தது!

இதை நான் பொழுதுபோக்குக்காக ஆரம்பிக்கவில்லை. மாமா காலமான பிறகு, தருமபுரிப் பக்கத்துக் கிராமத்தில் தனியாக இருந்த அத்தையை இங்கே அழைத்து வந்தோம். வெளியே கால் வைக்க முடியாத பனி. இவர் வேலைக்கு, குழந்தைகள் பள்ளிக்கு. அத்தை நாள் முழுக்க ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பார். சாப்பாடும் குறைந்துவிட்டது. "என்னை ஊருக்கே அனுப்பிடுங்க" என்பதுதான் தினமும் பேச்சு.

தொட்டியைப் பார்த்ததும், "வீட்டுக்குள்ள புளிய மரமா? பேய் குடியேறும்மா!" என்று கோபித்துக்கொண்டார். "இந்தக் குளிரில் எந்தப் பேய் அத்தை வரும்?" என்றேன். பல நாள் கழித்து அன்றுதான் சிரித்தார்.

டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும். இருட்டினால் புளி இலை மூடிக்கொள்ளுமே! "பாரு, தூங்கப் போயிடுச்சு" என்று பேரனைக் கூப்பிட்டுக் காட்டுவார். ஜனவரியில் ஹீட்டரின் வறண்ட காற்றுக்கும் வெயில் குறைவுக்கும் இலையெல்லாம் கொட்டிவிட்டது. தூக்கி எறியப் போனேன். அத்தை தண்டை நகத்தால் கீறிப் பார்த்தார். உள்ளே பச்சை! "பட்டுப் போகலம்மா. தண்ணியை மட்டும் குறை" என்றார். இவர் ஒரு எல்.இ.டி. விளக்கு வாங்கி மேலே மாட்டினார். மார்ச்சில் துளிர்த்தது.

அன்று முதல் தொட்டி அத்தை பொறுப்பு. விரலை விட்டுப் பார்த்து, மேல் மண் காய்ந்திருந்தால்தான் தண்ணீர். மே மாதக் கடைசியில் உறைபனி பயம் போனதும் வெளியே வைப்போம். முதல் ஒரு வாரம் நிழலில். செப்டம்பரில் இரவுக் குளிர் 10 டிகிரியை நெருங்கினால் உள்ளே வந்துவிடும்.

"காய்க்குமா?" என்று கேட்கிறார்கள். இந்த வெயிலுக்கு, தொட்டியில் காயை எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் மூன்றாம் வருஷம் ஒரு கைப்பிடி கொழுந்து கிடைத்தது. பருப்போடு சேர்த்துக் கடைந்தேன். "புளிப்பு கம்மிதான்" என்று சொல்லிக்கொண்டே, அத்தை இன்னொரு கரண்டி சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஊர்ப் பேச்சு நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். "செடியை யாரு பாத்துக்குவாங்க? அடுத்த வருசம் பாக்கலாம்" என்று தள்ளிப் போடுகிறார், அவ்வளவுதான்.

உங்கள் வீட்டிலும் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் பெரியவர் இருந்தால், சகோதரிகளே, ஒரு தொட்டியும் இரண்டு கொட்டையும் அவர் கையில் கொடுத்துப் பாருங்களேன்!