மூட்டையைக் கொடுத்தால் போதுமா?

கொங்குப் பகுதியில் நான்கு மாடு வைத்திருக்கும் ஒரு விவசாயி, கொட்டகைக்குக் கான்கிரீட் தரை போட நினைத்தார். சின்ன வேலை என்பதால் கொத்தனார் யாரும் வரவில்லை. கணவனும் மனைவியும் தாங்களே இறங்கிவிட்டார்கள். கடையில், "பாலம் கட்டுறவங்க வாங்குற சரக்குங்கண்ணா, நல்லா இறுகும்" என்று சொல்லி 53 கிரேடு சிமென்ட்டை ஏற்றி அனுப்பினார்கள்.

இளக்கமாக இருந்தால் பரப்புவது எளிது என்று கலவையில் தண்ணீரைத் தாராளமாக ஊற்றினார்கள். மறுநாள் ஒருவேளை தண்ணீர் தெளித்ததோடு சரி. ஒரே மாதத்தில் தரை முழுக்க வெடிப்பு. மாட்டு மூத்திரம் அதில் இறங்கி நாற்றமெடுத்தது. ஈரக் கலவையில் வெறுங்காலோடு நின்ற அந்த அம்மாவுக்குப் பாதம் வெந்து, பத்து நாள் கொட்டகைப் பக்கமே போக முடியவில்லை.

"பெரிய வேலைக்கான சரக்கைக் கம்பெனிக்காரன் எல்லாருக்கும் விக்கிறதே தப்பு" என்றார் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர்கள் செய்த விதத்தில் செய்தால் எந்த சிமென்ட்டும் வெடிக்கும். எந்த சிமென்ட்டும் காலைச் சுடும். விற்பனையை நிறுத்தினால் சிறு விவசாயிக்கு நல்ல பொருள் கிடைக்காமல் போகும், அவ்வளவுதான். கொத்தனாரிடம் இருப்பது பக்குவம். கடைக்காரர் தராமல் விட்டதும் அதைத்தான்.

பூச்சிமருந்தில் இதற்கு வழி உண்டு. டப்பாவில் முக்கோணம் இருக்கும். சிவப்பு என்றால் கடும் விஷம். அளவும் பாதுகாப்பும் சொல்லும் துண்டுப் பிரசுரம் வட்டார மொழியிலும் இருக்க வேண்டும் என்பது 1971ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதி. சிமென்ட் மூட்டையில் கிரேடு, தயாரித்த வாரம், விலை எல்லாம் இருக்கும். எத்தனை குடம் தண்ணீர், எத்தனை நாள் நனைக்க வேண்டும் என்பதையும் தமிழில் அச்சடித்தால் கம்பெனிக்கு என்ன குறைந்துவிடும்?

அதுவரை நாமே தெரிந்துகொள்வோம். 53 கிரேடு சீக்கிரம் வலுப்பெறும். ஆரம்பத்தில் சூடும் அதிகம் விடும். அவசரமில்லாத கொட்டகைத் தரை, களம், பூச்சுவேலைக்கு பி.பி.சி. சிமென்ட்டே போதும். சிமென்ட் 1, மணல் 1½, ஜல்லி 3 என்று கலந்தால், 50 கிலோ மூட்டைக்குத் தண்ணீர் 30 லிட்டரைத் தாண்டக் கூடாது. மணல் ஈரமாக இருந்தால் இன்னும் குறைக்க வேண்டும். நம்மூர் வெயிலுக்கு, 53 கிரேடு என்றால் 10 நாளும், பி.பி.சி. என்றால் 14 நாளும் ஈரச்சாக்கு போட்டுத் தரையைக் காயவிடாமல் வைக்க வேண்டும். காலுக்கு கம்பூட்ஸ், கைக்கு ரப்பர் உறை அவசியம். கலவை பட்டால் உடனே நிறைய தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

மூட்டை வாங்கும்போது இவற்றைக் கடைக்காரரிடமும் கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்த கடையில் வாங்குங்கள்.